எஞ்சினுக்குத் தோல் சட்டை

நம் பட்டறைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று இரண்டு இளம் மெக்கானிக்குகள் வீட்டுக்கு வந்தார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். பஜார் நெரிசலில் மோட்டார் சைக்கிள்கள் சூடேறி நின்றுவிடுகின்றன, அதற்கு என்ன செய்யலாம் என்று எழுதினால் உபயோகமாக இருக்கும், அரைப் பக்கம் போதும் என்றார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் வந்து அரைப் பக்கம் போதும் என்று சொன்ன அந்தப் பிள்ளைகளின் தைரியத்தை மெச்சுகிறேன்.

அரைப் பக்கத்துக்கு உரியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் படித்துவிட்டுக் கிளம்பலாம். மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஆற வைப்பது காற்று. வண்டி ஓடினால்தான் அதன் மேல் காற்று ஓடும். ஆகவே மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே உறுமாதீர்கள். அணைத்துவிட்டு இறங்கித் தள்ளுங்கள். சூடேறிய சிலிண்டர் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். அவ்வளவுதான் விஷயம். இந்த நாலு வரி என் மண்டைக்குள் எப்படி ஏறியது என்பதுதான் பாக்கிக் கதை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலூரில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு, முதல் உலகப் போரில் பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒருவரிடம் சேர்ந்தேன். அவர் கழற்றுவார், நான் பூட்டுவேன், நான் பூட்டியதை அவர் மறுபடியும் கழற்றுவார். சில வருஷம் இப்படிப் போனதும் அவருக்கே அலுத்துவிட்டது. உனக்குத் தொழில் வந்துவிட்டது, போய் வா என்று அனுப்பிவைத்தார். தொழில் வந்ததா, அவருக்குப் பொறுமை போனதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

முப்பதுகளின் ஆரம்பம் அது. ஆம்பூரில் பெண்களுக்கென்று ஒரு சின்ன வைத்தியசாலை இருந்தது. அதன் டாக்டர் எஸ்தர் அம்மாள் தோல் பதனிடும் ஷெட்டுகளைச் சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கும் பக்கத்துக் கிராமங்களுக்கும் போய்ப் பிரசவம் பார்ப்பார். ஜட்காவில் போய்ச் சேர்வதற்குள் பல சமயம் காரியம் கைமீறிவிடுகிறது என்று தோல் மண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கு இடது பக்கத்தில் ஆள் உட்கார ஒரு தொட்டி, அதற்கு ஒரு தனிச் சக்கரம். ஊரில் அதைப் பட்பட்டி என்பார்கள். அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் தேடினார்கள். போய் நின்றேன்.

"உனக்கு இதுல என்னென்ன தெரியும்?" என்றார் டாக்டரம்மா.

எல்லாம் தெரியும் என்றேன்.

"தெரியாதது?"

"நிறுத்தறதுதாம்மா கொஞ்சம் தகராறு."

அவர் சிரிக்கவில்லை. வைத்தியசாலைச் சுவரை ஒரு பார்வை பார்த்தார், வண்டியை ஒரு பார்வை பார்த்தார், நாளைக்கே வந்துவிடு என்றார்.

அவருடைய தோரணையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த உருவம். வெள்ளைப் புடவை. ஆபத்து அதிகமாக ஆக அவர் பேச்சு மெதுவாகிக்கொண்டே போகும். வாசலில் பத்துப் பேர் அலறிக்கொண்டு நிற்பார்கள், இவர் உள்ளே போய், உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம்தான் வலியில் கிடப்பவளின் வயிற்றில் கை வைப்பார். கேட்பது மூன்று கேள்விகள். சாப்பிட்டாளா, தூங்கினாளா, வெளிக்குப் போனாளா. வண்டி கோளாறு செய்தாலும் என்னிடம் அதே மூன்றையும்தான் கேட்பார். பெட்ரோல், ஓய்வு, புகை என்று நான் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு பதில் சொல்வேன். ஆச்சரியம் என்னவென்றால், பத்துக்கு எட்டு முறை கோளாறு அந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

என் பெயர் கோவிந்தசாமி. பஜாரில் அவர் "கோவிந்தா" என்று கூப்பிட்டால் பக்கத்தில் போகிறவர்கள் நாலு பேர் "கோவிந்தா" என்று பக்தியோடு பதில் கொடுப்பார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண்மணி அவர். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. யார் பெயரைச் சொன்னாலும் வழி விட்டால் சரி என்பார்.

இனிச் சட்டைக்கு வருகிறேன்.

தொட்டியில் உட்கார்ந்தால் வலது முழங்கால் பக்கம் எஞ்சின் இருக்கும். சிலிண்டரைச் சுற்றி மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக மெல்லிய இரும்புத் தகடுகள். உள்ளே தீ வெடித்துக்கொண்டிருக்கும், அரை முழம் தள்ளி ஒரு பெண்மணி மடியில் மருந்துப் பையோடு குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினம் ஓட்டினாலும் எனக்கு அது தினம் ஓர் அதிசயம். ஒருநாள் பேரணாம்பட்டுப் பாதையில் காற்றில் பறந்த புடவை முந்தானை சிலிண்டரில் பட்டுக் கருகிவிட்டது. டாக்டரம்மா அதை உதறிவிட்டு மறந்துபோனார். ஊர் மறக்கவில்லை.

தோல் பதனிடுகிற ஊரில் எதன் மேலாவது பிரியம் வந்தால் அதற்குத் தோலில் உறை போட்டுவிடுவார்கள். கடிகாரத்துக்கு உறை, கண்ணாடிக்கு உறை, மண்டிக்காரர் ஒருவர் தன் வெற்றிலைப் பெட்டிக்கு உறை போட்டு, அந்த உறைக்கும் ஓர் உறை போட்டு வைத்திருந்தார். அப்படித்தான் ஒரு ஷெட்டுத் தொழிலாளிகள், தங்கள் மனைவிமாருக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவின் புடவை இனி கருகக் கூடாது என்று, எஞ்சினுக்கு ஒரு சட்டை தைத்தார்கள். ஆவாரம்பட்டையில் பதமிட்ட முதல் தரத் தோல். குதிரைச் சேணத்தில் வருகிற பித்தளைக் கொக்கிகள். தைத்தவன் ஆறுமுகம் என்று ஒருவன். ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்ப்பவன். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, ஊசி போன தடமே தெரியாமல் தைத்திருந்தான். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, எஞ்சினுக்குச் சட்டை மாட்டினார்கள். பார்க்கப் பட்டத்து யானைக்கு முகபடாம் போட்ட மாதிரி இருந்தது. நான் தினமும் எண்ணெய் தொட்டு அதை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்து வைப்பேன். தெருவில் நாலு பேர் பார்க்கும்போது கொஞ்சம் கூடுதலாகத் துடைப்பேன்.

அந்தச் சட்டை வந்த பிறகுதான் வண்டிக்குச் சீக்கு வந்தது. திறந்த சாலையில் குறை சொல்ல முடியாமல் போகும். ஊருக்குள் நுழைந்து, ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகளும் தோல் வண்டிகளும் ஜட்காக்களும் ஆடுகளும் மனிதர்களும் நெருக்கியடிக்கிற பஜாரில் ஊர்ந்தால், கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். முதலில் சத்தம் தொய்யும். அப்புறம் உள்ளே யாரோ சின்னச் சுத்தியால் தட்டுகிற மாதிரி டிங் டிங் என்று கேட்கும். அப்புறம் நின்றுவிடும்.

என் வைத்தியத்தைக் கேளுங்கள். எண்ணெய் மாற்றினேன். பிளக் மாற்றினேன். கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துப் பூட்டி, மறுபடி பிரித்துத் துடைத்துப் பூட்டினேன். ஸ்பார்க் லீவர் என்று கைப்பிடியில் ஒன்று இருக்கும். மெதுவாகப் போகும்போது அதைப் பின்னால் இழுத்து வைத்தால் சூடு ஏறும், முன்னால் தள்ளி வை என்று என் பழைய முதலாளி சொன்னது நினைவு வந்து அதையும் செய்தேன். கடைசியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். எதைச் செய்தாலும் செய்து முடித்ததும் அந்தச் சட்டையின் கொக்கிகளைப் பழையபடி பத்திரமாக மாட்டிவிடுவேன். கழற்றுவதும் நானே, மாட்டுவதும் நானே. சட்டை மேல் சந்தேகம் வரவே இல்லை. அவ்வளவு அழகான பொருள் குற்றம் செய்யும் என்று யாருக்குத் தோன்றும்?

சூடு பார்க்க எனக்கு ஒரு முறை உண்டு. விரலில் எச்சில் தொட்டுச் சிலிண்டரில் வைப்பது. துள்ளி ஓடினால் கிட்டே போகாதே. சுர்ரென்று கொதித்து அடங்கினால் இன்னும் கொஞ்சம் பொறு. பேசாமல் உட்கார்ந்தால் உதைத்து ஓட்டலாம். டாக்டரம்மாவுக்கு எச்சில் ஆகவில்லை. பையிலிருந்து கண்ணுக்கு மருந்து விடுகிற கண்ணாடிச் சொட்டுக் குழாய் ஒன்றைக் கொடுத்து, இதில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பார் என்றார். கண் மருந்துக் குழாயால் ஜுரம் பார்க்கப்பட்ட எஞ்சின் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த நாள் சந்தை நாள். வெயில் ஏற ஆரம்பித்த நேரத்தில் ஆறுமுகம் வைத்தியசாலை வாசலில் வந்து நின்றான். அவன் மனைவி கன்னியம்மாவுக்கு முந்தின நாளிலிருந்து வலி. முதல் பிரசவம். போய்ப் பார்த்த டாக்டரம்மா உள்ளேயிருந்து வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது பேச்சு மிக மிக மெதுவாக வந்தது. 

"குழந்தை குறுக்க கெடக்குது. திருப்பிப் பார்த்தேன், முடியல. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில வயித்தைத் தொறந்துதான் எடுக்கணும். சாயங்காலத்துக்குள்ள போகலேன்னா ரெண்டு பேருமே நமக்கு இல்ல."

ரயில் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது சாயங்காலம்தான். கார் வைத்திருந்த மண்டிக்காரர் காரோடு மெட்ராஸ் போயிருந்தார். தொட்டியில் மெத்தை போட்டுக் கன்னியம்மாவைச் சாய்த்து உட்காரவைத்தோம். டாக்டரம்மா எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். ஆறுமுகம் முன்னால் ஓடி வழி விலக்கினான். வேலூர் சாலையைப் பிடிக்கப் பஜாரைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

பஜாரின் நட்டநடுவில் ஒரு பட்டை வண்டிக்கு அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. முன்னால் வண்டிகள், பின்னால் வண்டிகள், இரு பக்கமும் கடைகள். ஆள் நடக்கிற வேகத்துக்கும் கம்மியாக ஊர்ந்தேன். அணைத்துவிட்டுத் தள்ளலாம் என்றால் மறுபடி கிளம்பாமல் போய்விடுமோ என்று பயம். உறுமவிட்டுக்கொண்டே நகர்ந்தேன். சத்தம் தொய்ந்தது. டிங் டிங் கேட்டது. எண்ணெய்க் கைப்பம்பை ஒரு அழுத்து அழுத்தினேன். கரகரவென்று ஓர் ஓசை வந்து, யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுத்த மாதிரி எஞ்சின் நின்றது. உதைத்துப் பார்த்தேன், உதைக்கும் கட்டை நகரவில்லை. பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டுவிட்டது.

ஒரு கடைக்காரர் நல்ல மனசோடு குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் எஞ்சின் மேல் குப்புற விழாத குறையாகக் கையை விரித்துத் தடுத்தேன். அவர் கோபித்துக்கொண்டு, தர்மத்துக்கு ஊத்துற தண்ணிய வேணாங்கிற ஆள இப்பதான் பாக்குறேன் என்றார். தொட்டியிலிருந்து கன்னியம்மா கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, நோவு எனக்கா, வண்டிக்கா?"

அந்த நிலைமையில் அப்படிக் கேட்டாள்.  

எங்களுக்குப் பின்னால் மஸ்தான் பாயின் வண்டி நின்றது. மெட்ராஸ் பக்கமிருந்து வந்த காய்ந்த ஆட்டுத் தோல்களை ஷெட்டுக்கு ஏற்றிப் போகிறவர். அவர் இறங்கி வந்து மூக்கை உறிஞ்சினார். ஆம்பூர் பஜாரில் தோல் நாற்றத்தை எவனும் கவனிக்க மாட்டான். அங்கே காற்றே அதுதான். வேறு ஊராக இருந்தால் தோல் கருகுகிற வாசனை எங்களுக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே சொல்லியிருக்கும்.

"இன்னாபா இது, பதம் போட்ட தோலு வேகுதே," என்றார் பாய். "நல்ல மாலு. எவன் பாழ் பண்றான்?"

எல்லாரும் சுற்றிலும் பார்த்தோம். டாக்டரம்மாவின் பார்வை மட்டும் கீழே போனது. வண்டியிலிருந்து இறங்கி எஞ்சின் பக்கத்தில் குனிந்தார். சட்டையின் விளிம்பில் மெல்லிய புகை.

"கோவிந்தா, ஜுரக்காரனுக்குக் கம்பளி போத்தாதீங்கன்னு எத்தனை வீட்டுல சொல்லியிருக்கேன்? இங்க நம்ம வீட்டுலயே போத்தி வெச்சிருக்கோம். நானும் தெனம் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

பின்னால் யாரோ "கோவிந்தா" என்று பதில் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கொக்கிகளை அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. சூட்டில் தோல் சுருங்கி, கொம்பு மாதிரி விறைத்து, சிலிண்டரைக் கவ்விக்கொண்டிருந்தது. வெளியே சட்டை எஞ்சினைப் பிடித்திருந்தது, உள்ளே எஞ்சின் பிஸ்டனைப் பிடித்திருந்தது. டாக்டரம்மா பையைத் திறந்து அறுவைக் கத்தியை எடுத்தார். அதற்குள் முன்னாலிருந்து ஆறுமுகம் ஓடி வந்துவிட்டான். தான் தைத்த சட்டையையும் அவர் கையிலிருந்த கத்தியையும் பார்த்தான். மண்டியிட்டான்.

"தையல் அடிப்பக்கம் இருக்குதும்மா. அங்க கிழிங்க. நான் இழுத்துப் பிடிச்சுக்கிறேன்."

சூடான தோலை வெறும் கையால் பிடித்துக்கொண்டான். அவர் கத்தியை வைத்து ஒரே இழுப்பாகத் தையல் நெடுகக் கொண்டுபோனார். நான் அவ்வளவு கிட்டத்தில் அவர் கையைப் பார்த்தது அன்றுதான். அவசரமே இல்லை. இரும்பில் ஒரு கீறல் விழவில்லை.  சாயங்காலம் இதே கைதான் கன்னியம்மா வயிற்றின் மேல் இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. தோல் உரிந்து வந்தது. உள்ளே செதில்களுக்கு நடுவில் பட்டைத் தூளும் சுண்ணாம்புத் தூசும் எண்ணெயோடு குழைந்து, வெந்து, அடை அடையாக அப்பியிருந்தது. சட்டை போட்டதோடு நிற்காமல் எஞ்சினுக்கும் பதம் போட்டு வைத்திருந்தோம். பிளக் சாவியின் முனையால் கீறிக் கீறி எடுத்தேன்.

இனிக் காற்று வேண்டும். பஜாரில் ஒரு இலை அசையவில்லை.

மஸ்தான் பாய் தன் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஏறிப்போய் ஒரு கட்டைப் பிரித்தார். காய்ந்த ஆட்டுத் தோல் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து எஞ்சின் மேல் வீசினார். ஆறுமுகம் ஒன்றை வாங்கினான். தண்ணீர்க் குடத்தோடு நின்ற கடைக்காரர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை வாங்கினார். பட்டை வண்டிக்காரர்கள் வந்தார்கள், ஜட்காக்காரர்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சினைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று வீசியது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். "ஜாஸ்தி மடக்காதீங்கபா, விக்கிற தோலு," என்று பாய் நடுநடுவே சொல்லிக்கொண்டே வீசினார்.

நான் பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக எண்ணெய் விட்டேன். கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். வலிக்காமல் அசைக்க வேண்டும், தொட்டியில் ஆள் இருக்கிறாள். டாக்டரம்மா ஒரு கையால் கன்னியம்மாவின் நாடியைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் சொட்டுக் குழாய். ஒரு சொட்டு விட்டார். துள்ளி ஓடியது. காத்திருந்தார். இன்னொன்று. சுர்ரென்றது. கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். டாக்டரம்மா அவள் காதருகே குனிந்து, இதோ ஆச்சு என்றார், அவளிடம் சொன்னாரா எஞ்சினிடம் சொன்னாரா என்று தெரியாத குரலில். நான் அசைத்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று உள்ளே ஏதோ விடுபட்டு, சக்கரம் லேசாக உருண்டது. பிளக்கைத் திரும்பப் பூட்டினேன்.

இன்னொரு சொட்டு. அது பேசாமல் உட்கார்ந்தது.

"இப்ப உதை," என்றார்.

உதைத்தேன். ஒரு தும்மல், ஒரு பொட்டுப் புகை, அப்புறம் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. ஆறுமுகமும் மற்றவர்களும் அச்சு முறிந்த வண்டியைப் பட்டை மூட்டைகளோடு தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஆனால் பாதி பஜார் இன்னும் பாக்கி. மறுபடி ஊர்ந்தால் மறுபடி கவ்விக்கொள்ளும். அதற்கு யாரும் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. எஞ்சினுக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், ஆட்டுத் தோலை வீசிக்கொண்டே கூட நடந்தார்கள். சுவாமி புறப்பாட்டில் இரு பக்கமும் வெண்சாமரம் வீசுவார்களே, அப்படி. நடுவில் சட்டை கழன்ற என் பட்பட்டி. "கோவிந்தா, மெதுவா," என்று பின்னாலிருந்து டாக்டரம்மா சொன்னார். "கோவிந்தா" என்று பஜார் முழுக்கப் பதில் வந்தது. எதிரே வந்த தோல் வண்டிகள் தாமாகவே ஓரம் கட்டின. மசூதி வாசலில் நின்ற பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். நான் வாழ்நாளெல்லாம் வேடிக்கை பேசியே பிழைத்தவன். அன்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வண்டி ஓட்டியபோது முன்னால் பாதை மங்கலாகத் தெரிந்தது. தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் எல்லையில் பாதை திறந்தது. கியரை மாற்றினேன். காற்று வந்து எஞ்சின் மேல் மோதியது. வீசியவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஆறுமுகம் மட்டும் நிற்கவில்லை. தோலை வீசிக்கொண்டே பக்கத்தில் ஓடி வந்தான். வேகம் கூடக் கூட அவனும் வேகமாக ஓடினான். ஓடும் காற்றுக்கு முன்னால் அவன் வீசல் எம்மாத்திரம் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு மைல் கல்லைத் தாண்டித்தான் பின்தங்கினான். திரும்பிப் பார்த்தபோது சாலை நடுவில் நின்று, எங்கள் திசையில் இன்னும் வீசிக்கொண்டிருந்தான்.

வேலூர் வரை எஞ்சின் ஒரு குறையும் வைக்கவில்லை. பாலாற்றுப் பக்கத்துக் காற்று செதில் செதிலாகப் புகுந்து வெளியே போவதை நான் காலில் உணர்ந்தேன். அது அப்படித்தான் போக வேண்டும் என்று படைத்தவன் வைத்த வழி. நாங்கள் அதைப் பிரியத்தால் மூடி வைத்திருந்தோம். கோட்டையைச் சுற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது கன்னியம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. ஆட்கள் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். டாக்டரம்மா ஓடவில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே பின்னால் நடந்தார்.

நான் வண்டியை மரத்தடியில் தள்ளி நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வெயில் சாய்ந்தது. எத்தனை பேர் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றேன்.

சாயங்கால ரயிலைப் பிடித்து ஆறுமுகம் வந்து சேர்ந்தான். கையில் இன்னும் அந்த ஆட்டுத் தோல். அதைக் கீழே வைக்க அவனுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. அந்த நாற்றத்துக்கு ரயில் பெட்டியில் அவனுக்கு உட்கார நிறைய இடம் கிடைத்திருக்கும். உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. மூடிய கதவைப் பார்த்தபடி என் பக்கத்தில் நின்றான். 

கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. படியிலேயே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

"பொண்ணு," என்றார். குரல் சாதாரண வேகத்தில் வந்தது. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. "அழறா. நல்லா அழறா. கன்னியம்மா தூங்குறா. நாளைக்குப் பாக்கலாம்."

ஆறுமுகம் தலையாட்டினான். அழவில்லை, சிரிக்கவில்லை, கும்பிடவும் இல்லை.  பிறகு மரத்தடிக்கு வந்து, எஞ்சினுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கொப்புளித்த கைகளால் அந்தத் தோலை விரித்துப் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக வீச ஆரம்பித்தான்.

"யாரும் தண்ணி கிண்ணி ஊத்திடலியேண்ணே?" என்றான்.

இல்லை என்றேன். எஞ்சின் ஆறி வெகு நேரமாகியிருந்தது. தொட்டால் மண்பானை மாதிரி சில்லென்று இருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவன் கை வீச இடம் விட்டேன்.